ஐந்தாவது சுற்று

"பரவாயில்லடா. பயம் எல்லாருக்கும் வரும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணன்காரர் தன் தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான். கட்டிலில் கிடந்தவன் அவளுடைய கணவன். வலது கணுக்காலில் ஏழு ஸ்க்ரூ வைத்துக் கட்டியிருந்தார்கள். மயக்கம் முழுக்கத் தெளியாத நிலையில் அவன் சரியென்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே கைவிட்ட விமான ஓடுபாதையை வளைத்து ஒரு டிராக் போட்டிருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். பந்தயம் கிடையாது, கோப்பை கிடையாது. ஆசை தீர ஓட்டிவிட்டு அதே காரில் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். அவள் கணவனுக்கு அதுதான் உலகம். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன் ஞாயிற்றுக்கிழமை தன் சின்ன காரை வெயிலில் பறக்கவிட்டுக் குழந்தை மாதிரி சிரிப்பான்.

அண்ணன்காரருக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப். டிராக்குக்கு வருகிற வண்டிகளில் பாதி அவர் கைபட்டவை. அந்த மாதம் தம்பியின் வண்டியை அவரே வாங்கிப்போய், "பிரேக்குக்குப் புது ரேஸ் பேடு போட்டு, ஆயிலும் மாத்திட்டேன், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு" என்று திருப்பிக் கொடுத்தார். நீண்ட நேர்ச் சாலையின் முடிவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஆறாவது சுற்றில் அந்த வளைவில் வண்டி நிற்கவில்லை. நேராகப் போய் டயர்ச் சுவரில் மோதியது.

"பிரேக் பிடிக்கல," என்று அவன் ஆம்புலன்ஸில் சொன்னான். "மிதி கீழ போயிடுச்சு."

மறுநாளே அண்ணன்காரர் கதையை முடித்துவிட்டார். பிரேக் பத்தரை மாற்றுத் தங்கமாம். தம்பி வளைவைப் பார்த்துப் பயந்து காலை எடுத்துவிட்டானாம். டிராக்கில் சொன்னார், மாமியாரிடம் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, கணவனுக்கே தன் ஞாபகத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டியபடி, "ஒருவேளை நான்தான் எடுத்துட்டேனோ என்னவோ," என்றான்.

குழிக்குள் இறங்குகிற வேலை அந்தக் காலோடு முடிந்தது. கம்பெனியில் அவனைக் கண்ட்ரோல் ரூமில் உட்காரவைத்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பட்டனை அழுத்தினால் இவன் போனில் பேசவேண்டும். "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க. பயப்படாதீங்க." ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்வான். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டான்.

வண்டியின் முகப்பை வேறோர் இடத்தில் தட்டிச் சரிசெய்தார்கள். பத்து மாதம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பதினான்காம் நம்பர் தூணுக்குப் பக்கத்தில், உறை போட்டு மூடிக் கிடந்தது. பிறகு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பார்க்க வந்தவர் ஒரு வட்டம் ஓட்டிவிட்டு, "பிரேக் கீச்சுன்னு கத்துதே, பேடு மாத்திக் குடுத்தா எடுத்துக்கறேன்," என்றார்.

பேடு மாற்றுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப் பல் செட் செய்வது அவள் தொழில். ஒரு பல் கால் மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் கிழவர் ஒருவர் சோறு மெல்ல முடியாமல் திட்டுவார் என்பதை அறிந்த கை அது. கல்யாணமான நாளிலிருந்து கணவன் வண்டிக்கு அடியில் படுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பாதி நாள் அவளே முடுக்கியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், அவன் வேலையில் இருந்தபோது, ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினாள்.

இடது பக்கம் இரண்டு பேடு இருந்தன. இரண்டும் இரண்டு கம்பெனி. புதிதென்றால் பத்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இதில் ஒன்று மூன்று, ஒன்று இரண்டரை. ஓரமெல்லாம் கருகி, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. வலது பக்கமும் அதே லட்சணம். யாரோ தூக்கிப்போட்ட பழசு. மோதிய நாளுக்குப் பிறகு அந்தச் சக்கரங்களை யாரும் திறக்கவில்லை. முகப்பைத் தட்டியவர்கள் பிரேக்கைத் தொடவில்லை என்று பில்லிலேயே எழுதியிருந்தார்கள்.

அவள் அத்தோடு விடவில்லை. பின்சக்கரங்களையும் கழற்றினாள். பிரேக் ஆயில் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விட்டாக வேண்டும். நான்கு நிப்பிளும் துருவேறி, மேலே வருஷக் கணக்கான மண் இறுகிக் கிடந்தன. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஒன்றை மருந்தடித்து ஊறவைத்துத் திறந்தாள். டிகாஷன் நிறத்தில் வடிந்தது. தண்ணீர் இழுத்த பழைய ஆயில் சூட்டில் கொதிக்கும், கொதித்தால் மிதி தரைவரை போகும், காலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. கணவன் ஆம்புலன்ஸில் சொன்னதும் அதுதான்.

தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கையிலிருந்த பேடைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், அந்த ஆள் நாலு பேர் முன்னால் தன் வாயாலேயே 'பிரேக் பிடிக்கல' என்று கத்த வேண்டும். அது போதும்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். "வண்டியை விக்க வேண்டாங்க. நானே ஓட்டப் போறேன். டிராக்ல."

"உனக்கென்ன கிறுக்கா?"

"ஏன், ஆசை உங்களுக்கு மட்டும்தான் வரணுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, பல மாதங்களில் முதல்முறையாக வண்டி வேலையில் அக்கறை வந்தவனாக, "அப்ப அந்த பிரேக்கோட போகாத. பெருசா மாத்து," என்றான்.

மறுநாளிலிருந்து மேஜையில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பிரேக் படங்கள். அதே கம்பெனியின் பெரிய எஞ்சின் வண்டியில் வரும் முன் பிரேக் அப்படியே இதற்குப் பொருந்தும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் இரண்டு விரல் அகலம் கூடுதல், உள்ளே காற்றுப் போக இடைவெளி விட்டது. பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்தது. அவள் அதைத் தான் வேலை பார்க்கும் பல் லேபுக்கு எடுத்துப்போய், பல்லுக்குப் பாலிஷ் போடும் பிரஷ்ஷால் தேய்த்து, புது ரப்பர் போட்டுக் கொண்டுவந்தாள். "யாருக்கும்மா இவ்வளவு பெரிய பல்லு?" என்று லேபில் கேட்டார்கள். "கடிக்கப் போறவளுக்கு," என்றாள்.

பழைய வீல் அந்த டிஸ்க்குக்குச் சின்னது. ஓர் அங்குலம் பெரிய வீல் தேடிப் போட்டார்கள். பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு எஃகு வலை சுற்றியதை மாட்டினார்கள். பம்பரில் பனிவிளக்கு இருந்த ஓட்டையில் ஒரு குழாயைச் சொருகி, காற்று நேராக டிஸ்க்கில் அடிக்கும்படி வளைத்தாள். டிராக்குக்கென்றே செய்த பேடு வாங்கினார்கள். அது சூடானால்தான் கடிக்கும். காலையில் பால் வாங்கப் போக லாயக்கில்லை.

கடைசி வேலை பிரேக் குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்றுவது, ஏர் எடுப்பது என்பார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே மிதிக்க, ஒருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்க்ரூ வைத்த காலைப் பெடலில் வைத்தான்.

"மிதிங்க."

"ம்."

"அப்படியே பிடிங்க." திறந்தாள். கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் வரிசையாக ஓடின. மூடினாள். "விடுங்க. மறுபடி."

மூன்று சக்கரம் முடிந்து நான்காவதில் குமிழ் குறைந்து ஆயில் சுத்தமாக வந்துகொண்டிருந்தபோது, மேலேயிருந்து அவன் குரல் கேட்டது.

"இப்படித்தான் மிதிச்சேன்னு நினைக்கிறேன். இப்படித்தான். ஆனா அண்ணன் சொல்றப்ப… அன்னைக்கு மட்டும் நான் காலை எடுக்காம இருந்திருந்தா, இல்ல?"

அவள் கையில் ஸ்பானர் இருந்தது. பத்தடி தூரத்தில், அவளுடைய கைப்பையில், துணியில் சுற்றிய நான்கு பேடு இருந்தன. ஒரு வார்த்தை போதும். ஆனால் அவனை அவளுக்குத் தெரியும். சொன்ன அடுத்த நிமிஷம் அண்ணனுக்குப் போன் போடுவான். அவர் நாலு சமாதானம் சொல்வார். இவன் "விடுண்ணா, நடந்தது நடந்துபோச்சு" என்பான். முடிந்தது. கல்யாண வீட்டில் சொன்ன கதை கல்யாண வீட்டிலேயே நிற்கும்.

"மிதிங்க," என்றாள்.

அடுத்த இரண்டு மாதமும் டிராக்குக்குப் போனாள். கொடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் வழுக்கைத்தலைக்காரர்தான் அந்த இடத்தை நடத்துகிறவர். அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வளைவுக்கு முன்னால் நூற்றைம்பது, நூறு, ஐம்பது மீட்டரில் பலகை நட்டிருந்தார்கள். முதல் நாள் நூற்றைம்பதில் மிதித்தாள். வண்டி வளைவு வருவதற்கு முன்பே ஏறக்குறைய நின்றுபோனது. கொடிக்காரர் சிரித்தார். "இன்னும் உள்ள போங்க. இந்த பிரேக் தாங்கும்." மாலைக்குள் நூறு. அடுத்த மாதம் எண்பது. கணவனின் விபத்துக்குப் பிறகு டயர்ச் சுவருக்கு முன்னால் அகலமாகக் குழி வெட்டி மணல் கொட்டியிருந்தார்கள். அவள் இறங்கிப்போய்க் காலை வைத்துப் பார்த்தாள். முழங்கால்வரை புதைந்தது.

அண்ணன்காரரையும் கவனித்தாள். அவர் வண்டி இதைப்போல் இரண்டு மடங்கு எஞ்சின், ஒன்றரை மடங்கு கனம். நேர்ச் சாலையில் புயல். ஆனால் நான்கு சுற்றுக்கு மேல் அவர் ஓட்டியதே இல்லை. நான்காவது முடிந்ததும் டிராக்கை விட்டு உள்ளே வந்து, "டயர் சூடாயிடுச்சு" என்பார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். டிஸ்க் நீலம் பூத்துக் கிடந்தது. கருகல் வாடை. லேபில் அக்ரிலிக்கை அவசரமாகத் தேய்த்தால் வருகிற அதே மாதிரி வாடை. ஊருக்கெல்லாம் வேலை செய்கிறவர் தன் வண்டிக்கும் அதே அலட்சியம்தான் காட்டியிருந்தார்.

ஆக, அவரை ஐந்தாவது சுற்றுக்குப் போகவைக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மூன்றாவது மாதம். கணவனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் ஊன்றுகோலோடு தடுப்புச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அண்ணன்காரர் அவளுடைய ஹெல்மெட்டைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்.

"ஏம்மா, பல்லு செய்யற கைக்கு ஸ்டியரிங் எதுக்கு? அவன்தான் பயந்து காலை உடைச்சுக்கிட்டான். நீயுமா?"

சுற்றியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். கணவன் தலை குனிந்தான்.

"நீங்க முன்னாடி போங்க மாமா," என்றாள். "உங்க பின்னாடியே வந்து கத்துக்கறேன்."

அங்கே முந்துவதற்கு ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வழிவிட்டால்தான் பின்னால் வருகிறவர் தாண்டலாம். பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு வண்டி நின்றால் கையை நீட்டுவது மரியாதை. தம்பி பெண்டாட்டிக்கு, அதுவும் சின்ன காருக்கு, அவர் கை நீட்டமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

முதல் சுற்றில் நேர்ச் சாலையில் அவர் வெகுதூரம் போய்விட்டார். நூற்றைம்பதிலேயே அவருடைய சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எண்பதில் மிதித்தாள். வளைவில் அவருடைய பம்பருக்குப் பின்னால் நின்றாள். இரண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவதில் அவர் கண்ணாடியில் பார்ப்பது தெரிந்தது. பிரேக்கை நூற்றிருபதுக்குத் தள்ளினார். நான்காவதில் நூற்றுப்பத்து. சுவர் ஓரத்தில் ஆட்கள் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். வழக்கம்போல அவர் இப்போது டிராக்கை விட்டு உள்ளே போயிருக்கலாம். திரும்பும் வழி வலது பக்கம் திறந்துகிடந்தது. அவள் ஹெட்லைட்டை ஒருமுறை அடித்தாள். கை நீட்டுங்கள் என்று அர்த்தம்.

அவர் கையும் நீட்டவில்லை, உள்ளேயும் போகவில்லை.

ஐந்தாவது சுற்றில் அவர் சக்கரத்திலிருந்து புகை வந்தது. அவளுக்கு வாடையே வந்துவிட்டது. அந்த நேரம் அவள் காலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால், இரண்டு வண்டி நீளம் பின்வாங்கியிருந்தால், அவரும் வேகத்தைக் குறைத்திருப்பார். அவள் இன்னும் நெருங்கினாள். ஆறாவதில் அவர் வண்டி வளைவின் விளிம்புவரை வழுக்கிப்போய்த் திரும்பியது. ஏழாவதில் நூறு மீட்டர்ப் பலகை தாண்டி அவருடைய சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது, அணைந்தது. மிதியைப் படபடவென்று குத்துகிறார். வண்டி வேகம் குறையவேயில்லை.

அவள் எண்பதில் மிதித்தாள். அவளுடைய வண்டி நின்று, திரும்பி, வளைவுக்குள் போனது. பக்கவாட்டில் அவருடைய வண்டி நேராகப் போய் மணலைக் கிழித்துக்கொண்டு ஓடி, மூக்கு புதைந்து, பின்பக்கம் தூக்கி, சாய்ந்து நின்றது. மணல் அவள் கூரைமேல் மழை மாதிரிக் கொட்டியது. ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

டிராக்டர் வைத்து இழுத்து வந்தார்கள். முன்பக்கம் நொறுங்கி ரேடியேட்டர் ஒழுகியது. அண்ணன்காரருக்கு உதட்டில் மட்டும் காயம். இறங்கியதும் எல்லோரையும் பார்த்துக் கத்தினார்.

"பிரேக்கே பிடிக்கலய்யா! மிதி தரை வரைக்கும் போயிடுச்சு!"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும் மாமா. வளைவைப் பாத்துக் காலை எடுத்திருப்பீங்க. பரவாயில்ல. பயம் எல்லாருக்கும் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து துணியை எடுத்து, நான்கு பேடையும் அவருடைய பானெட்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். "இது நீங்க போட்ட புது ரேஸ் பேடு. நிப்பிள் நாலும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாக்கறவங்க பாக்கலாம்." கொடிக்காரர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அண்ணன்காரரைப் பார்த்தார். "இதைப் போட்டா தம்பியை அனுப்பினீங்க?" என்றார். அண்ணன்காரர் வாயைத் துடைத்தார்.

அவள் கணவனின் முகத்தைத் தேடினாள். மூன்று மாதமாக அந்த முகத்துக்காகத்தான் காத்திருந்தாள். அவன் பேடைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தியிருந்த பக்கம் நடந்தான்.

திரும்பி வரும்போது அவள் ஓட்டினாள். பாதி தூரத்தில் அவன் கேட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வண்டியை விக்க வேண்டாம்னு சொன்னேனே, அன்னைக்கு."

"மூணு மாசம்."

"ஆமா."

"ஏர் எடுத்தப்ப நான் ஒண்ணு கேட்டேன். நீ கீழ உக்காந்துட்டு, மிதிங்கன்னு சொன்ன."

அவள் சிக்னலில் நின்றாள். "சொல்லியிருந்தா நீங்க மன்னிச்சிருப்பீங்க."

"அது என் கால்," என்றான். "மன்னிக்கறேன், மன்னிக்கல, அது என் பாடு. ஒரு வருஷமா நான் கோழைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். அதுல மூணு மாசம் நீ குடுத்தது."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தாள்.

"அந்த மணல் இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டான். "பழைய சுவரே இருந்திருந்தா, அப்பவும் விரட்டியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தாள். பதில் தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு, தனியாக பஸ் ஏறி அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். அவளைக் கூப்பிடவில்லை. மத்தியானம் திரும்பி வந்து, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னான். "ஒத்துக்கிட்டான். அன்னைக்கு வேலை குவிஞ்சு கிடந்துச்சாம். நான் அவசரப்படுத்தினேனாம். ஒரு தடவைதானேன்னு கையில கிடைச்சதை மாட்டிட்டானாம். ஆஸ்பத்திரில என்னைப் பாத்ததும் அந்தப் பொய் வாய்ல வந்துடுச்சாம். அப்புறம் மாத்த முடியலயாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒர்க்‌ஷாப் ஆளுங்க எல்லாரையும் கூப்பிட வெச்சேன். அவங்க முன்னாடி மறுபடி சொல்ல வெச்சேன். அம்மாவுக்குப் போன் போட்டு அதையே சொல்ல வெச்சேன்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல." சோற்றைப் பிசைந்தான். "உன்னையும் இன்னும் இல்ல."

அண்ணன்காரரின் ஒர்க்‌ஷாப்புக்கு டிராக் வண்டிகள் போவது நின்றது. மாமியார் அவளோடு பேசுவதில்லை. குடும்பத்தைக் கெடுத்தவள் என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அதிலெல்லாம் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மணல் பறந்ததை நினைத்தால் இன்றைக்கும் இனிக்கிறது. நெஞ்சில் முள்ளாக நிற்பது அந்த ஒரு வார்த்தைதான். மிதிங்க.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் சாவியை எடுத்தான். "நாளைக்கு நான் ஓட்டறேன். பேர் குடுத்துட்டேன்."

கீழ்த்தளத்துக்கு அவளும் போனாள். அவன் நான்கு சக்கரத்தையும் கழற்றினான். கேலிப்பரின் ஒவ்வொரு போல்ட்டாக, ஒவ்வொரு நிப்பிளாக, ஹோஸ் இணையும் இடமெல்லாம் விரல்விட்டுத் தடவி, ஸ்பானர் வைத்து இழுத்துப் பார்த்தான். அத்தனையும் அவள் கையால் முடுக்கியவை. முன்பெல்லாம் அவள் முடுக்கியதை அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்ட இடத்திலெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பினாள். இரண்டு மணி நேரம் ஆனது.

"எல்லாம் டைட்டாத்தான் இருக்கு," என்றான் கடைசியில், கையைத் துடைத்துக்கொண்டு. பிறகு சக்கரங்களைத் திரும்ப மாட்டிவிட்டு, வண்டியைத் தாங்கியிருந்த ஸ்டாண்டை எடுக்க அடியில் கையைவிட்டுக் குனிந்தவன், "ஜாக்கியை நீ இறக்கு," என்றான்.